ஹேப்பிக்கு அப்புறம்

பாளையங்கோட்டையில் ஹெப்சிபா என்று ஒரு டீச்சர். முப்பது வயசுதான். மார்க்கெட் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே, மாடி ஹாலில், வெளிநாட்டு வேலைக்குப் போகும் நர்ஸ்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தாள். சொல்லிக்கொடுத்தாள் என்பதுகூடப் பேச்சுக்குத்தான். அவள் எதையும் திருத்த மாட்டாள். யாராவது தப்பாகப் பேசினால் கையிலிருக்கும் சாக்பீஸால் மேசையில் ஒரு தட்டு. எங்கே தப்பு, ஏன் தப்பு என்று வாயைத் திறக்க மாட்டாள். தட்டு நிற்கும்வரை பேசினவள்தான் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

"இதுக்கு ஃபீஸு வேற" என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. முணுமுணுத்தவர்கள் எல்லாரும் விமானம் ஏறிப் போனார்கள் என்பதுதான் வேடிக்கை.

அந்த மாடிப்படியில் ஒரு சித்திரை மாசத்து மத்தியானம் இசக்கியம்மாள் மூச்சு வாங்க ஏறி வந்தாள். ஆஸ்பத்திரியில் ஜெனரல் வார்டு நர்ஸ். டீச்சரைவிடப் பதினாலு வயசு மூத்தவள். இவள் கையைப் பிடித்து ஊசி போடக் கற்றுக்கொடுத்த பிள்ளைகள் எல்லாம் அயர்லாந்து, லண்டன் என்று போய்க் கம்பளிக் கோட்டோடு போட்டோ அனுப்பின. இவள் லைக் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முதலில் தன் பிள்ளைகள் சின்னது. அப்புறம் மாமியார் படுக்கையில் விழுந்தாள். தை மாசம் மாமியார் போய்ச் சேர்ந்த பிறகுதான் புருஷன் சுடலைமுத்து, "இனி உன் பாடு. போகணும்னா போயிட்டு வா" என்று சொன்னான்.

போகணும். பணத்துக்கா என்றால் பணத்துக்கும்தான். ஆனால் வாழ்க்கையில் ஒரு தடவையாவது தன் முறை வர வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. அதை யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை.

ஆடி பிறந்தால் நாற்பத்தைந்து. அதற்குமேல் எடுக்க மாட்டார்கள் என்று ஏஜென்ட் கறாராகச் சொல்லிவிட்டார். மாசியில் ஒரு இன்டர்வியூ போய், தோற்றாயிற்று. மிச்சம் ஆனியில் ஒன்றே ஒன்று.

"ஏன் தோத்தீங்க?" என்று கேட்டாள் ஹெப்சிபா.

இசக்கி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "அந்தக் கதை இன்னும் இங்க வரலியா டீச்சர்?"

"வரல."

"சொன்னா சிரிப்பீங்க."

"சொல்லுங்கக்கா."

"முன்னால ஒரு கோச்சிங் சென்டருக்குப் போனேன். எந்தக் கேள்வி வந்தாலும் முதல்ல 'ஐ யாம் ஹேப்பி டு டெல் யூ'ன்னு ஆரம்பிங்க, யோசிக்கதுக்கு நேரம் கிடைக்கும்னு சொல்லிக்கொடுத்தாவ. நானும் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுத மாதிரி மனப்பாடம் பண்ணிட்டேன். இன்டர்வியூல என்ன கேட்டாவன்னா, உங்க கவனிப்புல இருந்து இறந்துபோன ஒருத்தரைப் பத்திச் சொல்லுங்கன்னு கேட்டாவ."

"நீங்க என்ன சொன்னீங்க?"

இசக்கி தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். "ஐ யாம் ஹேப்பி டு டெல் யூ அபௌட் எ பேஷன்ட் ஹூ டைட் இன் மை கேர்."

என் கவனிப்பில் செத்துப்போனவரைப் பற்றிச் சொல்ல எனக்கு ரொம்ப சந்தோசம். கம்ப்யூட்டர் வழியாகக் கேள்வி கேட்டவர்களில் ஒருத்தர் உதட்டைக் கடித்துக்கொண்டார். இன்னொருத்தர் மைக்கை அணைத்துவிட்டுத் தோள் குலுங்கச் சிரித்தார். வெளியே காத்திருந்த சின்னப் பெண் ஒருத்தி இதைக் கேட்டுவிட்டாள். சாயங்காலத்துக்குள் ஆஸ்பத்திரி முழுக்கப் பரவி, வார்டில் அவளுக்கு 'ஹேப்பி அக்கா' என்று பெயரே விழுந்துவிட்டது.

ஹெப்சிபா சிரிக்கவில்லை. சாக்பீஸையும் தட்டவில்லை.

"தட்டலியே டீச்சர்?"

"தப்பு இல்லியே."

"தப்பு இல்லன்னா எதுக்குச் சிரிச்சாவ?"

"அதுக்குத்தான வந்திருக்கீங்க. நாளைக்கு ரெண்டரைக்கு வாங்க."

அந்த மாசம் பாடம் அட்ஜெக்டிவ். ஹெப்சிபா போர்டில் ஒரே ஒரு வார்த்தை எழுதுவாள். எழுதிவிட்டு உட்கார்ந்துகொள்வாள்.

"அஃப்ரெய்ட். பயந்துபோய்த் தனியா நிக்கு பாருங்க. எதைக் கண்டு பயம்? இல்ல, என்ன செய்யப் பயம்? சொல்லுங்க."

நாயைக் கண்டு பயம் என்றால் பின்னால் 'ஆஃப்' வந்து ஒட்டிக்கொள்ளும். நாயைத் தாண்டிப் போகப் பயம் என்றால் 'டு' வந்து நிற்கும். 'குட்' என்றால் 'அட்'. 'ஆங்ரி' என்றால் 'வித்'. ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு கூட்டாளி. ஆள் மாறிப்போனால் மேசையில் டொக்.

இசக்கிக்கு அந்த 'டொக்' சொப்பனத்திலும் கேட்டது. 'இன்ட்ரெஸ்டட் ஃபார்.' டொக். 'இன்ட்ரெஸ்டட் ஆன்.' டொக். 'இன்ட்ரெஸ்டட் இன்.' சத்தமில்லை. அப்பாடா என்று உட்கார்ந்தால் அடுத்த வார்த்தை போர்டில் ஏறியிருக்கும்.

ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டாள்.

"டீச்சர், எதுக்குப் பின்னால எது வரும்னு ஒரு ரூல் இருந்தா சொல்லிடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும். மனப்பாடம் பண்ணிட்டுப் போயிடுதேன்."

ஹெப்சிபா இடது கையை நீட்டி மேசைமேல் வைத்தாள்.

"எனக்கு ஊசி போடணும். நரம்பு எங்க இருக்கு?"

இசக்கி யோசிக்கவே இல்லை. இரண்டு விரலை வைத்து அழுத்தினாள். கொஞ்சம் நகர்த்தினாள். "இந்தா, இங்க."

"அங்க ஒண்ணும் தெரியலியே. இங்கதான் பச்சையா ஒண்ணு ஓடுது."

"அது பாக்கத்தான் பளிச்சுனு இருக்கும். ஊசி போனா வழுக்கிட்டு ஓடிரும். இது உள்ள இருக்கு டீச்சர். விரலுக்குத்தான் தெரியும்."

"இதுக்கு என்ன ரூல்?"

"ரூலெல்லாம் கிடையாது. தொட்டுப் பாக்கணும். நாலு பேர் கையைத் தொட்டா தன்னால தெரிஞ்சிட்டுப் போவுது."

ஹெப்சிபா கையை எடுத்துக்கொண்டு, அடுத்த பெண்ணைப் பேசச் சொன்னாள்.

கேட்டதற்குப் பதில் சொல்லாமல் கையை நீட்டுகிறாளே, இது என்ன பழக்கம் என்று இசக்கிக்கு எரிச்சல். பஸ்ஸில் பாதி வழி போன பிறகுதான் லேசாக உறைத்தது. உறைத்ததும் எரிச்சல் இன்னும் கூடியது.

வைகாசியில் டீச்சர் ஒவ்வொருத்திக்கும் ஒரு வார்த்தை கொடுத்தாள். வார்த்தை மட்டும்தான் அவளுடையது. மிச்சத்தை அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும். புத்தகத்திலிருந்து எடுத்து வந்தால் செல்லாது. ஒருத்திக்கு 'டயர்ட்'. ஒருத்திக்கு 'ஷ்யூர்'. 'ஜெலஸ்' வாங்கினவள் மறுநாளே நாத்தனார் பெயரோடு வந்து நின்றாள். ஹாலே சிரித்தது.

இசக்கிக்குக் கிடைத்தது 'ஹேப்பி'.

"டீச்சர்! இதையா?"

"இதைத்தான்."

"ஆஸ்பத்திரியே இதை வச்சுத்தான் என்னை ஓட்டுது. நீங்களுமா?"

"ஒரு வார்த்தைதானக்கா. கொண்டுட்டுப் போங்க."

மறுநாள் இசக்கி எழுந்து நின்று, "ஐ யாம் ஹேப்பி வித் மை ஜாப்" என்றாள். தட்டு விழவில்லை. உட்காரப் போனாள்.

"இது யாரோடது?" என்று கேட்டாள் டீச்சர்.

"என்னோடதுதான்."

"வேலை பிடிச்சிருக்கா?"

"யாருக்கு டீச்சர் பிடிக்கும்! பன்னெண்டு மணி நேரம் நின்னுக்கிட்டே..." சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்திக்கொண்டாள்.

அதற்கு அடுத்த நாள், "ஐ யாம் ஹேப்பி ஃபார் மை சன்."

"பையன் நல்லா படிக்கானா?"

"கிழிச்சான். அரியர் வச்சிருக்கான், சனியன்."

வகுப்பில் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அதற்கும் அடுத்த நாள், "ஐ யாம் ஹேப்பி டு பீ ஹியர்." ஹெப்சிபா கரன்ட் இல்லாமல் நின்றுபோன ஃபேனை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தாள். "சரி, விடுங்க" என்று இசக்கியே உட்கார்ந்துவிட்டாள்.

ஆனால் அன்றைக்கு வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகும் அவள் நகரவில்லை.

"ஒரு தப்பு இல்லாமத்தான் சொல்லுதேன். நீங்களும் தட்டல. பின்னே என்னதான் வேணும் உங்களுக்கு?"

"உங்க வாக்கியம்."

"இன்டர்வியூல என் வாக்கியத்தையா கேப்பாவ? நல்ல வாக்கியத்தைத்தான் கேப்பாவ."

"போன தடவையும் நல்ல வாக்கியம்தானக்கா சொன்னீங்க."

சுருக்கென்று தைத்தது. இசக்கி பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிவிட்டாள். இனி அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கக்கூடாது என்று நினைத்தாள். ஒரு வாரம் போகவும் இல்லை.

ஆனி பிறந்தது. இன்டர்வியூ தேதியும் வந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, வகுப்பு கிடையாது என்று தெரிந்தே இசக்கி படியேறினாள். ஹெப்சிபா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து தயிர்ச்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், ஒண்ணு கேக்கேன். ஒருத்தர் செத்ததுக்குச் சந்தோசப்பட்டா அது பாவமா?"

ஹெப்சிபா டிபன் பாக்ஸை மூடினாள்.

"யாரு செத்தா?"

"எங்க அத்தை."

அப்புறம் இசக்கி நிறுத்தவில்லை. மாமியார் பூரணத்தம்மாளுக்குப் பக்கவாதம். ஏழெட்டு வருசம் படுக்கை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். இவள் டியூட்டிக்குப் போனால் சுடலைமுத்து புரட்டுவான். அவனுக்கும் இவள்தான் பழக்கிவிட்டாள். ராத்திரி முழுக்க இவள். கிழவிக்கு வாய் மட்டும் படுக்கவே இல்லை.

"'ஏட்டி இசக்கி, எருமையப் புரட்டுத மாதிரி புரட்டாத'ம்பாவ. புரட்டும்போதெல்லாம் நான் இங்கிலீஷைச் சொல்லிப் பாத்துக்கிட்டே இருப்பேனா, 'என்னட்டி வெள்ளக்காரி கணக்கா முணுமுணுக்கே? நீ என்னைக் குழிக்குள்ள இறக்கிட்டுத்தாம்ட்டி பிளேன் ஏறுவே'ம்பாவ. சிரிச்சுக்கிட்டேதான் சொல்லுவாவ. நானும் சிரிப்பேன்."

"ம்."

"அன்னைக்கு விடியக்காலம் போய்த் தொட்டுப் பாத்தேன். மூச்சு இல்ல. நாடி பிடிச்சேன். பிடிச்ச கையை எடுக்கதுக்குள்ள எனக்கு என்ன தோணிச்சு தெரியுமா டீச்சர்? அப்பாடா, இனிமே போகலாம். அதுதான் தோணிச்சு. ஒரு சொட்டுக் கண்ணீர் வரல. சொந்தக்காரவிய வந்தப்புறம், அழலன்னா தப்பா நினைப்பாவளேன்னு அழுதேன். அடுத்த மாசமே இன்டர்வியூல போய் உக்காந்து, செத்தவியளப் பத்திச் சொல்ல எனக்குச் சந்தோசம்னு சொல்லுதேன். எல்லாரும் சிரிக்காவ. எனக்கு மட்டும் ஈரக்குலை நடுங்குது. உள்ள கிடந்ததுதான் வாய்வழியா வந்திட்டோன்னு."

கீழே ஜெராக்ஸ் கடை ஷட்டரை யாரோ இழுத்து விட்டார்கள்.

"சொல்லுங்க டீச்சர். பாவமா, இல்லியா?"

"நான் இங்கிலீஷ் டீச்சர்க்கா. பாவம் பாக்கதுக்குத் தெருவுக்கு ஒரு கோயில் இருக்கு, சர்ச் இருக்கு. எனக்கு உங்க வாக்கியம் முடியணும்."

ஈவிரக்கம் இல்லாதவளாக இருக்கிறாளே என்று இசக்கிக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. அதற்குள் ஹெப்சிபா சாக்பீஸை அவள் கையில் கொடுத்துவிட்டாள்.

இசக்கி போர்டில் எழுதினாள். 'ஐ வாஸ் ஹேப்பி.' ரொம்ப நேரம் நின்றாள். பிறகு பக்கத்தில் 'டு கோ' என்று எழுதினாள். போவதில் சந்தோசம். எழுதினதை ஒரு தடவை படித்துவிட்டு, முந்தானையால் பரபரவென்று துடைத்தாள்.

"துடைக்காதீங்க."

"பாக்க அசிங்கமா இருக்கு டீச்சர்."

"இருந்துட்டுப் போகட்டும். திரும்ப எழுதுங்க. அதுக்குக் கீழ இடம் கிடக்குல்ல?"

இசக்கி திரும்ப எழுதினாள். அதற்குக் கீழே, 'ஐ வாஸ் ஹேப்பி டு ஸ்லீப்.' தூங்கக் கிடைத்ததில் சந்தோசம். அதற்குக் கீழே, 'ஐ வாஸ் டயர்ட் ஃப்ரம் ஹர்.' அவளால் அலுத்துப்போயிருந்தேன்.

டொக்.

"இப்பமும் தட்டுவீங்களா! குலையைப் பிடுங்கி எழுதிக்கிட்டிருக்கேன் இங்க!"

"தப்பு தப்புதானக்கா."

இசக்கிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. 'ஃப்ரம்'மை அடித்துவிட்டு 'ஆஃப்' என்று போட்டாள். அப்புறம் கை தானாக ஓடியது. 'ஐ வாஸ் ஃபாண்ட் ஆஃப் ஹர் டங்.' அந்த வாய் எனக்குப் பிடிக்கும். 'ஐ வாஸ் யூஸ்ட் டு ஹர்.' பழகிப்போயிருந்தது. கடைசியாக 'ஐ யாம் அஃப்ரெய்ட் டு' என்று எழுதி, அதற்குமேல் போக முடியாமல் நின்றாள்.

"இது வர மாட்டேங்கு."

"வரலன்னா விடுங்க."

இசக்கி இரண்டடி பின்னால் வந்து போர்டைப் பார்த்தாள். மேலே அந்த முதல் வாக்கியம் அப்படியே இருந்தது.

"இதுல எது சரி டீச்சர்?"

"இப்ப போர்டுல இருக்கிற எதுக்கும் நான் தட்டலியே."

"அது இல்ல. எது நிசம்னு கேக்கேன்."

ஹெப்சிபா டிபன் பாக்ஸைத் திறந்து, மிச்சச் சோற்றைச் சாப்பிட ஆரம்பித்தாள்.

"இன்டர்வியூவை இங்கயே வச்சுக்கோங்கக்கா. நெட் நல்லா கிடைக்கும். நான் எதிர்ல இருப்பேன். அன்னைக்குத் தட்ட முடியாது. சிலேட்டுல கோடு போடுதேன்."

எல்லாருக்கும் அவள் அப்படித்தான் செய்வாள். லேப்டாப்புக்குப் பின்னால் சிலேட்டோடு உட்கார்ந்துகொண்டு, ஒரு தப்புக்கு ஒரு கோடு. பேசி முடித்தவள் முதலில் ஓடிப்போய்ப் பார்ப்பது அந்தச் சிலேட்டைத்தான்.

இன்டர்வியூ அன்று இசக்கி நீலப் பட்டுச்சேலை கட்டி வந்தாள். சுடலைமுத்து கூட வந்து, மாடிக்கு வரக் கூச்சப்பட்டுக் கீழே டீக்கடையில் நின்றுகொண்டான். கம்ப்யூட்டரில் இரண்டு பேர் தெரிந்தார்கள். தலை முழுக்க நரைத்த ஒரு அம்மா. டை கட்டிய ஒரு மனிதர். அவரைப் பார்த்ததும் இசக்கிக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. போன தடவை மைக்கை அணைத்துவிட்டுச் சிரித்தாரே, அவரேதான்.

முதல் கேள்விகள் சுலபமாகப் போயின. பேர், படிப்பு, அனுபவம். லேப்டாப்புக்குப் பின்னால் சிலேட்டு கீச்சென்றது. கொஞ்சம் கழித்து இன்னொரு கீச்.

அப்புறம் அந்த அம்மா கேட்டாள். "உங்கள் கவனிப்பில் இருந்து இறந்துபோன ஒருவரைப் பற்றிச் சொல்லுங்கள்."

"ஐ யாம் ஹே..."

வாய் அதுபாட்டுக்கு ஓடிவிட்டது. டை கட்டியவர் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார். இசக்கி வாயை மூடினாள். மனப்பாடம் செய்ததெல்லாம் எங்கேயோ போய்விட்டது. போச்சு, எல்லாம் போச்சு என்று ஒரு நிமிசம் இருந்தது. ஆடி வந்தால் நாற்பத்தைந்து. இனி ஒரு இன்டர்வியூ கிடையாது.

பிறகு அவள் பேசினாள். பேசினது இங்கிலீஷில். தமிழில் சொன்னால் இப்படி வரும்.

"அவங்க பேஷன்ட் இல்ல. என் மாமியார். பல வருசம் படுக்கையில இருந்தாங்க. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்கவைப்பேன். உடம்புல ஒரு புண் கிடையாது. ஒண்ணுகூட. திட்டிக்கிட்டே இருப்பாங்க. எனக்கு அது பிடிக்கும். ரொம்ப அலுப்பாவும் இருந்துச்சு. அவங்க இருக்கிற வரைக்கும் நான் உங்க நாட்டுக்கு வர முடியாது. செத்த அன்னைக்கு, இனிமே போகலாம்னுதான் எனக்கு முதல்ல தோணிச்சு. நிம்மதியா இருந்துச்சு. அதை நினைச்சா எனக்குப் பெருமை இல்ல. அவங்க கட்டில் இன்னும் அங்கயே கிடக்கு. அதை எடுக்க எனக்குப் பயமா இருக்கு."

'டு' நிற்க வேண்டிய இடத்தில் 'ஃபார்' நின்றது. 'ஆஃப்' பாதியில் காணாமல் போனது. 'வாஸ்' எங்கே, 'இஸ்' எங்கே என்று இல்லை. அவள் நின்று தேடவும் இல்லை.

"இன்னும் ஒண்ணு இருக்கு. ராத்திரி இப்பமும் எனக்கு ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை முழிப்பு வந்திடும். எழுந்து உக்காந்திடுவேன். புரட்டணுமேன்னு."

கேட்டுக்கொண்டிருந்த அம்மா கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். டை கட்டியவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"எழுந்து உட்கார்ந்து என்ன செய்வீர்கள்?" என்று கேட்டது அவர்தான்.

"ஒண்ணும் செய்ய மாட்டேன். கொஞ்ச நேரம் கட்டிலைப் பாப்பேன். அப்புறம் நான் மறுபக்கம் புரண்டு படுத்துக்குவேன்."

அந்த அம்மா கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு, பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தாள். அவர் தலையை ஆட்டினார்.

"வீ வுட் பீ கிளாட் டு ஹேவ் யூ" என்றாள் அந்த அம்மா. நீங்கள் வந்தால் எங்களுக்கு மகிழ்ச்சி. மிச்ச விவரமெல்லாம் ஏஜென்ட்டுக்கு வரும்.

கிளாடுக்குப் பின்னால் டு. இசக்கிக்கு அந்த நேரத்திலும் அதுதான் முதலில் காதில் விழுந்தது. தேங்க் யூ, தேங்க் யூ என்று கும்பிட்டுக்கொண்டே இருந்தாள். திரை அணைந்த பிறகும் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். அப்புறம் நாற்காலியில் சாய்ந்தாள்.

கீழேயிருந்து சுடலைமுத்துவின் குரல் வந்தது. "ஏளா, என்னாச்சு?"

அவள் எழுந்து மேசையைச் சுற்றிக்கொண்டு போனாள். ஹெப்சிபா சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். சாக்பீஸ் அவள் மடியில் கிடந்தது. இசக்கி சிலேட்டை எடுத்துப் பார்த்தாள். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

"ரெண்டே ரெண்டு கோடா! என்ன டீச்சர் இது? நான் கண்டமேனிக்கு உளறினேனே. எனக்கே நல்லா தெரியும்."

"அந்த ரெண்டும் ஆரம்பத்துல போட்டது."

"அந்தக் கேள்வி வந்தப்புறம்?"

ஹெப்சிபா மடியில் கிடந்த சாக்பீஸை எடுத்து மேசைமேல் வைத்தாள். சத்தம் கேட்காமல் வைத்தாள்.

"அப்புறம் கேட்டுக்கிட்டிருந்தேன்க்கா."